சாட்ஸ்வொர்த் மண்டபப் பணியில் துணைநின்றவர்களுக்கு

டர்பன்

அன்புடையீர், வணக்கம்.

கொரோனாவுக்காக 2020 மார்ச் 26 நள்ளிரவு தென்னாப்பிரிக்கா முழுவதும் அடைக்கப்பட்டபோது, கோயில் மண்டபத்தின் மேல்தளத்துக்குச் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) அடித்துக் கம்பியும் கட்டியாகிவிட்டது. கான்கிரீட் மட்டும் பாக்கி. ஜூன் 1 அன்று மூன்றாம் நிலைத் தளர்வு வரும்வரை ஒன்பது வாரத்துக்கு மேல் அது மழையிலும் வெயிலிலும் அப்படியே நின்றது.

முதல் நன்றி பாதுகாப்பு அலுவலருக்கு. ஆட்கள் வந்ததுமே கான்கிரீட் போட எல்லோரும் பரபரத்தபோது, இரண்டு நாள் வேலையை நிறுத்தி வைத்தார். நோயைப் பற்றியே பேச்சாக இருந்த நேரத்தில், ஆளில்லாமல் கிடந்த கட்டடத்தின் ஆபத்தை நினைத்தவர் அவர்தான். முட்டுகளுக்குக் கீழே மண் இளகியிருந்தது. ஒரு முட்டு அமிழ்ந்தால் பாரம் பக்கத்து முட்டுகளில் ஏறும், அவையும் வளையும், ஈரக் கான்கிரீட்டோடு தளமே சரியும். அடிப்பலகை ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, தளர்ந்ததை எடுத்து மண்ணைக் கெட்டித்து மறுபடி நிறுத்தினார்கள். சாரத்தின் இணைப்புகளையும் சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்து விழுந்த பிறகே ஆள் ஏறினார்கள். செதிலாக உரிந்த துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தார்கள். விரலில் நசுங்காத கட்டி விழுந்திருந்த சிமெண்ட் மூட்டைகளைச் சலித்துக்கூடப் பயன்படுத்தவில்லை.

கிருமிநாசினி கலந்த அக்காமாருக்கு நன்றி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3.5% ஜிக் (வீட்டு ப்ளீச் திரவம்) ஆறு தேக்கரண்டி, அதாவது 30 மி.லி.; தினமும் காலையில் புதிதாக. கலவை இயந்திரத்தின் பிடி, ஏணி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் முதலில் சோப்பு நீரால் துடைத்தார்கள், ஏனென்றால் அழுக்கின்மேல் தெளித்த மருந்து வீண். செங்கல் கழுவும் ஆசிட் கேனை ஜிக்கின் பக்கத்தில் யாரும் வைக்கவிடவில்லை. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் உயிரையே வாங்கிவிடும். 70% ஆல்கஹால் சானிடைசரையும் கிரைண்டர் பொறி பறக்கும் இடத்திலிருந்து தள்ளியே வைத்தார்கள்.

பக்கி (சிறிய சரக்கு வண்டி) கொடுத்த தம்பிக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஆட்களை ஒரே நடையில் நெருக்கியடித்து ஏற்றாமல், ஆறு ஆறு பேராக மூன்று நடை. கரண்டி, தூக்குக்குண்டு, தேநீர் நேரம் எல்லாம் குழுவுக்குத் தனித்தனி. ஜூனில் ஒருவருக்குத் தொற்று உறுதியானபோது அந்த ஆறு பேர் மட்டும் 14 நாள் வீட்டில் இருந்தார்கள். மற்ற 12 பேர் கைவேலை நிற்கவில்லை. செங்கல் வெட்டுகிறவர்களுக்கு நுண்தூசியை வடிகட்டும், வால்வு இல்லாத எஃப்எஃப்பி2 முகமூடி வாங்கிக் கொடுத்தவருக்கும் நன்றி. துணி முகமூடி சிலிக்கா தூசியைத் தடுக்காது. வால்வு வைத்தது மூச்சை வடிகட்டாமல் வெளியே விடும்.

கால நீட்டிப்பு அறிவிப்பை ஜேபிசிசி ஒப்பந்தம் (இங்கே வழக்கத்திலுள்ள கட்டுமான ஒப்பந்தப் படிவம்) தந்த 20 வேலை நாளுக்குள் அனுப்பச் சொன்ன குவாண்டிட்டி சர்வேயர் (வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுபவர்) கட்டணம் வாங்கவில்லை. காலம் வேறு, செலவு வேறு என்று அவர் பிரித்து எழுதச் சொன்னதால் ஒப்பந்தக்காரரோடு மனத்தாங்கல் வரவில்லை.

முட்டும் பலகையும் இரவல் தந்தவர்கள் எந்தச் சனிக்கிழமையும் வந்து எடுத்துக்கொள்ளலாம். எண்ணி, கழுவி, பெயர் எழுதி அடுக்கி வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
திருப்பணிக் குழுவினர்