லகரமா, ழகரமா?

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, வெறும் வயிற்றில் போடாதே.

வியாழன் ராத்திரி ஒன்றரை மணிக்கு நீ அனுப்பியிருந்ததைக் காலையில்தான் பார்த்தேன். 'வலி தெரியலம்மா.' அவ்வளவுதான். தையல் பிரித்த இடத்தில் வலி இல்லையென்றால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம். அப்பா அப்படி எடுத்துக்கொண்டுதான் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் 'வலி'தான் முதலில் வந்து நிற்கும், இசட் போட்டால்தான் ழ வரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே.

ஆனால் பார்க்காமல் அனுப்புகிற பெண்ணும் இல்லை நீ. உன் கல்யாணப் பத்திரிகை ப்ரூஃபில் மணமகளுக்கு ரெண்டு சுழி போட்டு 'மனமகள்' என்று வந்திருந்தது. அப்பா பார்த்து, பெரியப்பா பார்த்து, இரண்டு பேருமே விட்டதை நீ பிடித்தாய். தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்தப் பெண் லகரம் போட்டால் லகரம்தான் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். அப்புறம் நேரத்தைப் பார்க்கிறேன். நல்ல சேதியை யாராவது ராத்திரி ஒன்றரை மணிக்கு அனுப்புவார்களா?

எத்தனை பிள்ளைகளுக்கு நாக்கை மடக்கிக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருப்பேன். ல சொன்னால் நுனிநாக்கு மேல்பல் அடியில் ஒட்டும். ள சொன்னால் மடங்கி அண்ணத்தில் ஒட்டும். ழ ஒட்டாது, வருடிக்கொண்டு போகும். அதனால்தான் தொல்காப்பியர் அதை ரகரத்தோடு சேர்த்து 'நுனிநா அணரி அண்ணம் வருட' என்றார். நம் திருநெல்வேலியில் யார் கேட்கிறார்கள்? இங்கே வாழைப்பழம் வாளைப்பளம். மீனைத்தான் உரித்துத் தின்கிறோம்! 'தலைவழியாக இருப்பதால்' என்று லீவு லெட்டர் வராத வருஷமே கிடையாது.

ளகரம் போட்டால் வளி, காற்று. குறளில் மருந்து அதிகாரத்தில் 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்று வருமே, அந்த வளி வாதம். உருளைக்கிழங்கு இப்போதைக்கு வேண்டாம், வாயு. கத்தி பட்ட உடம்பு. மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு.

லகரத்திலும் எனக்கு நிம்மதி இல்லை. 'வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும்' என்ற குறளை உனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்ய வைத்தேன். அதிகாரத்தின் பெயரே வலியறிதல். அங்கே வலி நோவு இல்லை, பலம். துணைவலி என்று எழுதியதும் ஞாபகம் வருகிறது, மாப்பிள்ளை ஊரில்தானே இருக்கிறார்? தீபாவளிக்குப் பிறகு அவர் குரலையே கேட்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும். ஆடியில் நீ மட்டும் வந்தபோதும் அப்படித்தான் சொன்னாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் சொல்லிவிடுவாயா? சின்ன வயசிலிருந்தே உனக்கு அந்த அழுத்தம். உன் அத்தையைக் கொண்டிருக்கிறாய்.

வலி என்றால் டாக்டரிடம் காட்டலாம். வழி என்றால் அதற்கு நாங்கள் இருக்கிறோம். மாடி அறையைக் காலி செய்து வெள்ளையடித்தாகிவிட்டது. வாடகைக்கு விடலாம் என்கிறார் அப்பா, நான் விடவில்லை.

வெள்ளிக்கிழமை ரயிலுக்கு எனக்கு மட்டும் டிக்கெட் போட்டிருக்கிறது, ஆர்.ஏ.சி.தான் கிடைத்தது. வர வேண்டாம் என்றால் புதன்கிழமைக்குள் சொல், கேன்சல் செய்தால் கொஞ்சமாவது பணம் திரும்பும். வரலாம் என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம். பருப்புப் பொடியும் சுண்டவற்றலும் எடுத்துவருகிறேன். மாப்பிள்ளைக்குப் பிடித்த அல்வாவை வாங்கவா, வேண்டாமா என்பதை மட்டும் எழுது.

அம்மா