மாஸ்க் ஒத்துக்கலன்னா வேற வழி இருக்குடா

டேய் சேகர்,

உன் லெட்டர் கிடைச்சது, பொண்ணுக்கு வேலை கிடைச்ச சேதி படிச்சு எங்க ரெண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம், அவகிட்ட கண்டிப்பா சொல்லிடு. ஆனா கடைசில போற போக்குல ஒண்ணு எழுதியிருந்தியே, தூக்கத்துல மூச்சு தடைபடற ஸ்லீப் ஆப்னியாவுக்கு குடுத்த சிபாப் மாஸ்க், அதான் காத்தை அழுத்தி அனுப்பி மூச்சு வழிய திறந்து வைக்கற மெஷினோட மாஸ்க், அதைப் போட்டா மூச்சு முட்டற மாதிரி இருக்கு, அதனால கழட்டி வெச்சுட்டேன்னு, அதுலயே மனசு நிக்குது. மாஸ்க் ஒத்துக்காதது நிறைய பேருக்கு நடக்கறதுதான், அதுக்காக ஒண்ணுமே பண்ணாம தூங்காதடா. தூக்கத்துல இப்படி மூச்சு தடைபடறது பிளட் பிரஷர், இதயம்னு எல்லாத்தையும் மெல்ல பாதிக்கும்.

நான் இப்போ வாயில போடற கருவியோடதான் தூங்கறேன். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து நாக்கு பின்னாடி சரிஞ்சு மூச்சு போற வழிய அடைக்குது இல்லயா, இந்தக் கருவி மேல்பல்லுக்கு ஒண்ணு கீழ்பல்லுக்கு ஒண்ணுன்னு மாட்டிக்கிட்டு கீழ்த்தாடைய கொஞ்சம் முன்னாடி இழுத்து பிடிச்சுக்கும், தாடை வந்தா நாக்கும் கூடவே வரும், வழி திறந்துடும். அவ்வளவுதான் விஷயம். முதல்நாளே முழுசா இழுக்க மாட்டாங்க, மில்லிமீட்டர் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா நகர்த்துவாங்க, அந்தப் பொறுமை வேணும். வெந்நீர்ல போட்டு கடிச்சு நாமளே அச்சு எடுத்துக்கற ரகம் வாங்கிடாத, உன் பல்லுக்கு அளவெடுத்து செஞ்சதா, அப்புறமா நகர்த்த முடியறதா இருக்கணும்.

எல்லாருக்கும் இது சரிவராது. ஸ்லீப் டெஸ்ட் ரிப்போர்ட்ல ஏஹெச்ஐன்னு ஒரு நம்பர் இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நிக்குது இல்ல குறையுதுங்கற கணக்கு. 5லேருந்து 15 வரைக்கும் லேசு, 30 வரைக்கும் நடுத்தரம், இவங்களுக்கு கருவி நல்லாவே உதவும். 30க்கு மேலன்னா முதல்ல மாஸ்க்தான், ஏன்னா நம்பரை குறைக்கறதுல மாஸ்க்தான் கெட்டி. ஆனா மாஸ்க் சுத்தமா முடியாதுன்னா சும்மா இருக்கறத விட கருவி மேல்னு 2015ல அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி போட்ட வழிகாட்டுதலே சொல்லுது. ராத்திரி முழுக்க போட்டுத் தூங்கற கருவி, பாதி ராத்திரில கழட்டிடற மாஸ்க்கை விட உபயோகமா இருக்கலாம், எனக்கு இந்த வாதம் ரொம்ப சரின்னு படுது. மூளையே மூச்சு விடச் சொல்லாம விட்டுடற சென்ட்ரல் வகைன்னா இதுல பிரயோஜனம் இல்ல. பல் ஆடினாலோ நிறைய பல் போயிருந்தாலோ கருவி பிடிச்சு நிக்காது, அதையும் டென்டிஸ்ட் பாக்கணும்.

தொந்தரவும் உண்டு, மறைக்க மாட்டேன். ஆரம்பத்துல எச்சில் கொட்டும், தாடை மூட்டு வலிக்கும், காலைல எழுந்ததும் பின்பல் ஒண்ணோட ஒண்ணு சேராது, கொஞ்ச நேரம் கழிச்சு சரியாயிடும். வருஷக்கணக்கா போட்டா பல்லே கொஞ்சம் நகர வாய்ப்பிருக்கு, அதனால டென்டிஸ்ட் கிட்ட செக்கப் விடவே கூடாது.

ஒண்ணு மட்டும் மறக்காதடா, குறட்டை நின்னுடுச்சுன்னு வீட்ல சொன்னதும் சரியாயிடுச்சுன்னு விட்டுடுவாங்க பல பேர். சத்தம் இல்லாமலேயே மூச்சு தடைபட்டு ஆக்சிஜன் இறங்கும். கருவிய செட் பண்ணி முடிச்சப்புறம் அதை வாயில போட்டுக்கிட்டே இன்னொரு ஸ்லீப் டெஸ்ட் எடுக்கணும், டென்டிஸ்ட் சொல்லலன்னாலும் நீ கேளு, நம்பர் நிஜமா இறங்குச்சான்னு அதுலதான் தெரியும்.

முதல்ல தூக்க டாக்டர்கிட்டயே போ, மாஸ்க்கை வேற அளவுல, மூக்குல மட்டும் வைக்கற ரகத்துல மாத்திப் பாக்கலாமான்னு ஒரு தடவை கேளு, முடியாதுன்னா கருவி பத்தி பேசு. அதுவரைக்கும் பகல்ல கண்ணை சொருகுச்சுன்னா வண்டி எடுக்காத, தங்கச்சிய ஓட்டச் சொல்லு. ரிப்போர்ட்ல ஏஹெச்ஐ எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு வரைக்கும் இறங்குச்சுன்னு பாத்து உடனே எனக்கு எழுது.

உன்
முருகேசன்