பொட்டுவுக்கு இன்னிக்கு 62வது நாள்

ஏய் செல்வி,

எப்படிடி இருக்க? உன் மெசேஜ் பாத்தேன், உன் பூனைக்கு வயிறு லேசா தொங்குது, சினையா இல்ல சும்மா சதை போட்டிருக்கான்னு கேட்டிருந்த. ரெண்டு வரில பதில் போட மனசு வரல, அதான் உக்காந்து லெட்டராவே எழுதுறேன். இங்க கோத்தகிரில இப்ப ராத்திரி ஒம்பது மணி, விடியக்காலைல புல்லு மேல உப்பு கொட்டுன மாதிரி உறைபனி நிக்குது, திருப்பூர் வெயில்ல உனக்கு இதெல்லாம் மறந்தே போயிருக்கும். என் காலுக்குப் பக்கத்துல அட்டைப்பெட்டி, அதுக்குள்ள என் பூனை பொட்டு, நிறைசினையா.

போன ஜனவரில நடந்தத நான் உனக்கு சொல்லவே இல்ல. அவ சினைன்னே எனக்குத் தெரியாது, நல்லா சாப்பிடுறா குண்டாயிட்டான்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன். ஒரு நாள் ராத்திரி வீட்டுக்கு வரல, சிறுத்தை நடமாட்டம் இருக்குற ஊரு, எனக்குத் தூக்கமே இல்ல. காலைல போய்ப் பாத்தா பின்னாடி விறகுக் கொட்டாய்ல மூணு குட்டி, ரெண்டு விறைச்சுக் கெடந்துச்சு. பொறந்த குட்டிக்கு முத ரெண்டு மூணு வாரம் தன் ஒடம்பு சூட்டைத் தானே காப்பாத்திக்கத் தெரியாதுடி, தாய் கொஞ்சம் எழுந்து போனாலே ஜில்லுனு ஆயிடும், நம்ம மலைக்குளிர்ல கேக்கவே வேணாம். நாள் தெரிஞ்சிருந்தா உள்ளயே வெச்சிருப்பேன். அந்த ஒரு நெனப்புதான் இந்தத் தடவை காலண்டர்ல குறிக்க வெச்சுது.

நவம்பர் 20, அவ தரைல உருண்டு உருண்டு கத்தி, பக்கத்து எஸ்டேட் கடுவனோட போன நாள். அதுல இருந்து சுமாரா 63, 65 நாள்ல குட்டி போடும், ஒரு சிலதுக்கு ரெண்டு மூணு நாள் முன்ன பின்ன ஆகும். முத ரெண்டு வாரம் வெளிய ஒண்ணுமே தெரியாது. மூணாவது வாரத்துல காம்பு பாரு. பொட்டுவைத் திருப்பிப் போட்டு வயித்து முடியை விரலால ஒதுக்கிப் பாத்தேன், எப்பவும் வெளிறிப் போய் மொளகு மாதிரி சின்னதா இருக்குறது நல்லா ரோஸ் கலர்ல தடிச்சு நின்னுச்சு, சுத்தி முடி கூட கொஞ்சம் விலகியிருந்துச்சு. முத முத சினையாகுற பூனைக்கு இது இன்னும் பளிச்சுனு தெரியும். அப்புறம் மசக்கை, ஆமாடி பூனைக்கும் உண்டு, நாலஞ்சு நாள் மீனைக் கூட மோந்து பாத்துட்டுப் போயிட்டா, ஒரு தடவை வாந்தி எடுத்தா. அது நிக்காம போனா டாக்டர்கிட்ட காட்டணும்.

ஆனா காம்பையும் வயித்தையும் மட்டும் நம்பாத. பொய்ச்சினைல, அதாவது சினையே இல்லாம சினை மாதிரி ஒடம்பு மாறுறப்ப கூட, காம்பு செவக்கும், குடல்புழு இருந்தாலும் வயிறு உப்பும், கர்ப்பப்பைல சீழ் கட்டினாலும் உப்பும், அது உயிருக்கே ஆபத்து. நீயா வயித்தை அமுக்கிப் பாக்காத, குட்டி நசுங்கிடும். நான் டிசம்பர் 20 அன்னிக்கு கூடைல போட்டு பஸ் ஏறி குன்னூர் போனேன், சரியா 30வது நாள், ஸ்கேன்ல துளித்துளியா இதயம் துடிக்குறத அந்த டாக்டரம்மா காட்டினாங்க, எனக்கு அங்கயே கண்ணு கலங்கிடுச்சு. எத்தனை குட்டின்னு ஸ்கேன்ல சரியா எண்ண முடியாதாம், 45 நாளுக்கு மேல எலும்பு கெட்டியானப்புறம் எக்ஸ்ரே எடுத்தாதான் தெரியுமாம். அஞ்சாவது வாரத்துல இருந்து வயிறு நல்லாவே எறங்கிடும். அப்ப இருந்து குட்டிப் பூனைக்குக் குடுக்குற தீனியே இவளுக்கும், வயித்துல எடம் இல்லாததால கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு வேளை. பூச்சி மருந்து, தடுப்பூசி எதுவும் டாக்டரைக் கேக்காம போடாத. நம்ம வீட்ல இருக்குற பாராசிட்டமால் ஒரு துண்டு கூட குடுத்துடாத, பூனைக்கு அது வெஷம்.

50வது நாள் வாக்குல மடில படுத்திருந்தா, வயித்துல சும்மா கைய வெச்சிருந்தேன், உள்ள இருந்து ஒண்ணு மெதுவா உருண்டு என் உள்ளங்கைல முட்டிட்டுப் போச்சு. போன வருஷம் இதெல்லாம் நடந்தப்ப நான் எங்க இருந்தேன்னு நெனச்சு நெனச்சு அழுதேன்டி.

இந்த ஒரு வாரமா அலமாரி, பீரோ அடி, அம்மாவோட பழைய ஸ்வெட்டர்னு எடம் தேடி அலையுறா, வாசக்கதவை நான் தொறக்குறதே இல்ல. பெட்டிக்கு அடியில துணி சுத்துன ஹாட் வாட்டர் பேக் ஒரு ஓரமா மட்டும், சூடு அதிகமானா நகந்துக்க எடம் வேணும்ல. கணப்புச் சட்டியை படுக்குறப்ப வெளிய வெச்சிடுவேன், மூடுன ரூம்ல கரிப்புகை மனுஷனையே எடுத்துடும்.

தெர்மாமீட்டர்ல காலைல 101 இருந்துச்சு, இப்ப 99.2. நூறுக்குக் கீழ போனா பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ள போட்டுடும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அரை மணி நேரம் விடாம முக்கியும் குட்டி வரலன்னா ஒடனே ஃபோன் பண்ணணும், ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி வந்துச்சான்னு எண்ணணும். ஜீப் அண்ணன்கிட்ட ராத்திரி கூப்பிட்டாலும் வரணும்னு சொல்லி வெச்சுட்டேன்.

உன் பூனை எந்த நாள் வெளிய போச்சுன்னு மொதல்ல யோசிச்சு எழுதி வை, நாளைக்கே காம்பு பாத்து எனக்குச் சொல்லு. அவ எழுந்து பெட்டிக்குள்ள சுத்திச் சுத்தி துணியைப் பறிக்கிறாடி, சாயங்காலம் வெச்ச மீன் அப்படியே கெடக்கு. நான் டவலை சூடு பண்ணப் போறேன்.

உன்
கீதா