அம்மாவின் முழங்காலும் சிபிடி எண்ணெயும்

லெஸ்டர்

அன்புள்ள செல்வராஜ்,

கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு நாகர்கோவிலிலேயே வேலை அமைந்தது நல்ல சேதி. என் வாழ்த்தைச் சொல். அம்மாவின் முழங்கால் வலியும், ராத்திரி தூக்கம் கெடுவதும்தான் மனதில் நிற்கிறது. உன் அண்ணன் மகள் டல்லாஸிலிருந்து வரும்போது கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய் வாங்கி வருகிறேன் என்கிறாளாமே, அதை அம்மாவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். நீ அனுப்பிய புட்டிப் படத்தையும் அம்மாவின் மருந்துச் சீட்டையும் பார்த்தேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அம்மாவுக்கு அது வேண்டாம். அண்ணன் மகளை அதைப் பெட்டியில் போடவும் விடாதே. காரணம் கொஞ்சம் நீளம். "எனக்கு இதில் அ, ஆ கூடத் தெரியாது" என்று எழுதியிருக்கிறாய், அதனால் அடியிலிருந்தே வருகிறேன்.

கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டு என்ற வகைப் பொருட்கள் நூற்றுக்கும் மேல் உண்டு. போதை தருவது டிஎச்சி. சிபிடியும் அவற்றில் ஒன்றுதான், ஆனால் போதை தராது. பழக்கமாகி விடாமல் பிடித்துக்கொள்ளும் தன்மையும் அதற்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவே சொல்லியிருக்கிறது. 1940இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸ் குழு அதைப் பிரித்தெடுத்தது. 1963இல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலம் அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார். ஹெம்ப் என்பதும் அதே செடிதான், டிஎச்சி குறைவாக இருக்கும்படி வளர்த்த ரகம். அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் காய்ந்த எடையில் 0.3 சதவீதத்துக்கு மேல் டிஎச்சி இல்லாததை ஹெம்ப் என்று வகுத்தது. கடைகளில் புட்டிகள் குவிந்தது அதற்குப் பிறகுதான்.

எண்ணெய் வருவது பூவிலிருந்து. பச்சைப் பூவில் சிபிடி அமில வடிவில் இருக்கும். சூடு காட்டினால்தான் சிபிடியாக மாறும். 31 டிகிரிக்கு மேல், சுமார் 74 பார் அழுத்தத்துக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு திரவத்தின் தன்மையும் வாயுவின் தன்மையும் சேர்ந்த ஒரு நிலைக்குப் போகும். அதைக் கொண்டோ எத்தனாலைக் கொண்டோ சாற்றை இழுப்பார்கள். அதோடு மெழுகும் வந்துவிடும். எத்தனாலில் கரைத்து உறைகுளிரில் வைத்தால் மெழுகு திரண்டு நிற்கும், வடிகட்டலாம். பிறகு எத்தனாலை ஓட்டி, வாலையில் காய்ச்சி வடித்து, தேங்காயிலிருந்து எடுக்கும் எம்சிடி எண்ணெயிலோ ஆலிவ் எண்ணெயிலோ கலந்தால் புட்டி தயார். எத்தனாலைச் சரியாக ஓட்டாவிட்டால் அது புட்டியில் மிஞ்சும். ஹெம்ப் மண்ணிலுள்ள காட்மியம், ஈயத்தை நன்றாக உறிஞ்சும் செடி. சாறாகச் சுண்டும்போது அவையும் கூடவே சுண்டலாம்.

இப்போது உன் படத்திலுள்ள லேபிள். 30 மி.லி., "ஹெம்ப் எக்ஸ்ட்ராக்ட் 1500 மி.கி.", "ஃபுல் ஸ்பெக்ட்ரம்" என்று போட்டிருக்கிறது. சாறு 1500 மி.கி. என்றால் சிபிடி 1500 மி.கி. என்று ஆகிவிடாது. சாற்றில் சிபிடி எவ்வளவு என்பது பின்பக்கச் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும், இதில் இல்லை. வாதத்துக்கு முழுதும் சிபிடியே என்று வைத்துக்கொள்வோம். 1500ஐ 30ஆல் வகுத்தால் மி.லி.க்கு 50 மி.கி. சில புட்டிகளில் சதவீதம் போட்டிருக்கும், 10 மி.லி. புட்டியில் 5 சதவீதம் என்றால் மொத்தம் 500 மி.கி., அதுவும் மி.லி.க்கு 50தான். யார் எந்தப் புட்டியைக் காட்டினாலும் முதலில் இந்த மி.லி. கணக்குக்கு வந்துவிடு. "ஒரு வேளைக்கு பத்துச் சொட்டு" என்ற பேச்சை நம்பாதே. மருந்துக் கணக்கில் 20 சொட்டு 1 மி.லி. என்பது தண்ணீருக்கு, எண்ணெய்ச் சொட்டு புட்டிக்குப் புட்டி மாறும். குழந்தைகளுக்கு மருந்து ஊட்டும் 1 மி.லி. சிரிஞ்சுதான் சரியான அளவுகோல்.

ஃபுல் ஸ்பெக்ட்ரம் என்றால் டிஎச்சியும் உள்ளே உண்டு. பிராட் ஸ்பெக்ட்ரம் என்பதில் டிஎச்சியை நீக்கியதாகச் சொல்வார்கள்; ஐசொலேட் என்பது சிபிடி மட்டும். 0.3 சதவீதம் என்பது காதுக்குச் சின்னதாகப் படும். 30 மி.லி. எண்ணெய் ஏறக்குறைய 28 கிராம், அதில் 0.3 சதவீதம் 84 மி.கி. டிஎச்சி. இங்கே பிரிட்டனில் ஒரு புட்டிக்கு மொத்தமே 1 மி.கி.தான் வரம்பு, ஒப்பிட்டுப் பார். வரம்பு முட்ட இருக்கும் அமெரிக்கப் புட்டியில் தினம் 1 மி.லி. எடுத்தால் கிட்டத்தட்ட 2.8 மி.கி. டிஎச்சி உள்ளே போகும். சிறுநீர்ப் பரிசோதனையில் சிக்குவதற்கு அதுவே போதுமாகலாம். உன் தம்பி கப்பலில் இருக்கிறான், அவன் கண்ணில் இந்தப் புட்டியைக் காட்டிவிடாதே. பரிசோதனைக்காரர்களிடம் லேபிளைக் காட்டி வாதாட முடியாது.

இனி, இது எதற்கு வேலை செய்கிறது? ஐயமில்லாமல் நிரூபணமானது வலிப்பு நோய்க்கு, அதிலும் சில கடுமையான வகைகளுக்கு. எபிடியோலெக்ஸ் என்ற மருந்தை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு முகமையான எஃப்டிஏ 2018 ஜூனில் ட்ரவே, லெனாக்ஸ்-கஸ்டோ என்ற இரண்டு வலிப்பு நோய்களுக்கு அனுமதித்தது. 2020இல் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோயால் வரும் வலிப்பையும் சேர்த்தது. நல்லெண்ணெயில் கரைத்த சுத்தமான சிபிடி, மி.லி.க்கு 100 மி.கி. எள் ஒவ்வாதவர்களுக்கு ஆகாது. அளவைக் கவனி. முதல் இரண்டு நோய்களில், 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு காலையும் மாலையும் 50 மி.கி. என்று தொடங்கி, ஒரு வாரம் கழித்து அதை இரட்டிப்பார்கள். தேவைப்பட்டால் நாளைக்கு 400 மி.கி. வரை போகும். தொடங்கும் முன்பும் பிறகும் ஈரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் ஈரல் நொதிகளைப் பரிசோதித்துக்கொண்டே இருப்பார்கள்.

பதற்றத்துக்கு பிரேசிலில் சோதனைகள் நடந்தன. கூட்டத்துக்கு முன் பேச வைத்து, முன்கூட்டியே 150, 300, 600 மி.கி. கொடுத்துப் பார்த்ததில் 300தான் பலன் தந்தது. குறைத்தாலும் கூட்டினாலும் பலனில்லை. உன் புட்டியில் 300 மி.கி. என்பது 6 மி.லி. ஐந்து நாளில் புட்டி காலி. கடைக்காரர் சொல்லும் அளவோ 10, 20 மி.கி. இந்த வியாபாரத்தின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது: ஆராய்ச்சியைக் காட்டும்போது நூற்றுக்கணக்கான மில்லிகிராம், விற்கும்போது சொட்டு. பிரிட்டனின் உணவுத் தர முகமை வேறு 2023 அக்டோபரில் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 70 மி.கி. என்றிருந்த அறிவுரையை 10 ஆகக் குறைத்துவிட்டது. அந்த வரம்புக்குள் நின்றால் உன் புட்டியில் 0.2 மி.லி.தான். அந்த அளவில் வலியோ தூக்கமோ சரியாகும் என்பதற்கு நல்ல சான்று எதையும் நான் பார்த்ததில்லை.

வலிக்கே வருகிறேன், உனக்கு வேண்டியது அதுதானே. மருந்து, மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்து இரண்டையும் ஒப்பிட்ட 16 வலிச் சோதனைகளை ஓர் ஆய்வுக் குழு சேர்த்துப் பார்த்தது. 15இல் சிபிடி போலி மருந்தைத் தாண்டவில்லை. எடுத்தவர்கள் "எனக்குக் கேட்டது" என்று சொல்வது பொய்யில்லை; மூட்டுவலி தானாகவே ஏறி இறங்கும் வலி, ஏறி நிற்கும் நாளில்தான் யாரும் புது மருந்தைத் தொடுவார்கள்.

நாக்குக்கு அடியில் ஒரு நிமிஷம் வைத்திரு என்பார்கள். சிபிடி என்பது எண்ணெயில் கரையும் பொருள், வாயின் ஈரத் தோல் வழியாக எளிதில் போகாது. பெரும்பகுதி எச்சிலோடு விழுங்கப்பட்டு ஈரலுக்குத்தான் போகிறது. அங்கேயே பெரும்பாலும் உடைந்துவிடும். சாப்பாடு இன்னும் பெரிய வித்தியாசம் செய்யும்: வெறும் வயிற்றைவிட, கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு எடுத்தால் ரத்தத்தில் மொத்த அளவு நான்கு மடங்காகும். ஒரு நாள் விரதம், மறுநாள் நெய்ச்சோறு என்று மாற்றி மாற்றி எடுப்பவர் ஒரே அளவு எடுப்பதாக நினைத்துக்கொண்டு நான்கு மடங்கு வித்தியாசத்தில் எடுக்கிறார். மருத்துவமனையில் கொடுக்கும்போது "எப்போதும் ஒரே மாதிரி, சாப்பாட்டோடு அல்லது சாப்பாடில்லாமல்" என்று வற்புறுத்துவது இதனால்தான்.

புட்டியில் எழுதியது உள்ளே இருக்குமா என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 பொருட்களைப் பரிசோதித்து 2017இல் வெளியிட்டார்கள். லேபிளோடு பொருந்தியது 31 சதவீதம்தான். 18 பொருட்களில் டிஎச்சி இருந்தது. அதே ஆண்டுக் கடைசியில் யூட்டா மாநிலத்தில் சிபிடி என்று விற்றதை எடுத்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மயக்கம், வாந்தி, குழப்பத்தோடு அவதிப்பட்டார்கள். உள்ளே இருந்தது ரசாயனக் கூடத்தில் செய்த போலிக் கன்னாபினாய்டு. வாங்கியே தீருவேன் என்பவர் லேபிளிலுள்ள தொகுதி எண்ணும் ஆய்வறிக்கையின் தொகுதி எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். அறிக்கை தயாரிப்பாளருடையதாக இல்லாமல் ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தர அங்கீகாரம் பெற்ற வெளி ஆய்வகத்துடையதாக இருக்க வேண்டும். கன்னாபினாய்டு அளவு மட்டும் போதாது. பூச்சிமருந்து, கன உலோகம், மிச்சக் கரைப்பான், கிருமி ஆகியவற்றுக்கான சோதனை முடிவும் இருக்க வேண்டும். முதல் பக்கத்தை மட்டும் காட்டினால் நகர்ந்துவிடு. வாங்கிய பிறகும் வெளிச்சமும் சூடும் படாமல் இருட்டில் வை. காற்றுப் பட்டு எண்ணெய் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறினால் சிபிடி ஆக்சிஜனேற்றம் ஆகிறது என்று அர்த்தம்.

இவையெல்லாம் சரியாகவே இருந்தாலும், அம்மாவுக்கு வேண்டாம் என்பதற்கு மருந்துச் சீட்டின் முதல் வரி போதும். அம்மா இதய வால்வுக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுக்கிறார்கள். ஈரலில் வார்ஃபரினை உடைக்கும் நொதிகளை சிபிடி மந்தப்படுத்தும். வார்ஃபரின் தேங்கும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் ஏறும், ரத்தக்கசிவு ஆபத்து வரும். இப்படி ஏறியதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. வலிப்பு மருந்து குளோபசாமுக்கும் இதே கதை, அதன் செயல்படும் கூறு ரத்தத்தில் ஏறித் தூக்கம் அழுத்தும். இன்னொரு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் ஈரல் நொதிகள் எகிறும். உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸும் கூடும். வேறு மருந்தே எடுக்காத ஆரோக்கியமானவர்களுக்கும், 2025இல் வந்த சோதனையில், நாளைக்குக் கிலோவுக்கு 5 மி.கி. வீதம் 28 நாள் கொடுத்தபோது சிலருக்கு ஈரல் நொதி இயல்பின் மூன்று மடங்கைத் தாண்டியது. வயிற்றுப்போக்கு, சோர்வு, பசியின்மை இருப்பது தெரிந்த விஷயம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் பக்கத்திலேயே போகக் கூடாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று வகுப்பது பூக்களையும் காய்க்கும் நுனிகளையும். பிசினும் அவற்றால் ஆன கலவையும் அதே சட்டத்துக்குள் வரும். இலையும் விதையும் நுனியோடு சேராதவரை அதில் இல்லை. அமெரிக்கப் புட்டி பூவில் எடுத்தது. போதாததற்கு ஃபுல் ஸ்பெக்ட்ரம், டிஎச்சியோடு. விமான நிலையத்தில் "இது ஹெம்ப்" என்று அந்தப் பெண் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். இடையில் துபாயிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறுகிறாள் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஹாங்காங் 2023 பிப்ரவரி 1 முதல் சிபிடியையே தடை செய்துவிட்டது.

ஊரிலேயே "ஹெம்ப் ஆயில்" கிடைக்கிறதே என்று கேட்டாய். அது விதை எண்ணெய். 2021இல் இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உணவாக அனுமதித்தது. அதில் சிபிடி கிலோவுக்கு 75 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு பெரிய கரண்டி, 14 கிராம், ஊற்றினாலும் 1 மி.கி.தான். சாலட்டில் ஊற்றிச் சாப்பிடலாம், வலிக்கு ஒன்றும் ஆகாது. ஆயுர்வேத உரிமத்தில், மருத்துவர் சீட்டோடு விற்கும் விஜயா (கஞ்சாவுக்கு ஆயுர்வேதப் பெயர்) சாறுகள் வேறு வகை. அவை இலையிலிருந்து வருபவை, பெரும்பாலும் டிஎச்சியும் கொண்டவை. வார்ஃபரின் இருக்கும்வரை அதையும் தொடாதே. யாராவது வீட்டில் தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தருகிறேன் என்றால், எத்தனை மில்லிகிராம் என்று கேள். பதில் வராது.

அம்மாவுக்கு இப்போதைக்கு: நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்கட்டும்; காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். முழங்கால் தேய்மானத்துக்கு உலகமெங்கும் முதலில் சொல்வது உடற்பயிற்சியைத்தான், பலன் தெரிய சில வாரம் ஆகும். கடையில் கிடைக்கும் வலி மாத்திரைகள் பெரும்பாலும் வார்ஃபரினோடு ஆகாது. பாரசிட்டமால்கூடத் தினமும் தொடர்ந்து போட்டால் ஐஎன்ஆரை ஏற்றும் என்பதால் டாக்டரிடம் சொல்லிவிட்டே கொடு. தூக்கத்துக்கு வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார்களா, சீட்டில் காணவில்லையே? இருந்தால் பெயரையும், கடைசியாக எடுத்த ஐஎன்ஆர் எண்ணையும் எழுது.

அன்புடன்,
ராமு