மிச்சப் பொட்டலங்களோடு வந்த ஆயாவுக்கு

எல்லோருக்கும் வணக்கம். சர்க்கரை நோய்க்கு ஆவாரைக் குடிநீர் என்ற சித்த மருத்துவக் கஷாயம் வேலை செய்கிறதா என்று பார்க்கும் நம் ஆய்வு, கேள்விகள் எழுந்து நின்றுபோயிருந்தது. அதைத் தொடரலாம் என்று நேற்று சாயங்காலம் கடிதம் வந்துவிட்டது. நடந்ததைத் திரும்ப எழுதப்போவதில்லை. கூடவே இருந்து பார்த்தவர்கள் நீங்கள். படபடப்பு இன்னும் அடங்கவில்லை, முன்பின்னாகத்தான் எழுத வரும்.

முதல் நன்றி கடலூர் தேவனாம்பட்டினத்து ஆயாவுக்கு. ஆய்வில் இருப்பவர்கள் பெயரை வெளியில் சொல்லக்கூடாது, அதனால் வெறும் ஆயாதான். பேத்தி படித்துக் காட்டட்டும்.

எங்கள் பதிவேட்டில் ஆயாவுக்குத்தான் முதல் மார்க். வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கியிருந்தது, மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும் இறங்கியிருந்தது. தினசரி அட்டையில் ஒரு நாள் விடாமல் டிக். ஆய்வு நின்ற வாரத்தில், யாரும் கூப்பிடாமலே ஒரு மஞ்சப்பையோடு வந்தார். மேசையில் கவிழ்த்தார். நாங்கள் கொடுத்த ஆவாரைக் குடிநீர்ச் சூரணப் பொட்டலங்கள், பிரிக்காமல் அப்படியே.

"நான் குடிக்கலமா. மொதல்ல கொஞ்ச நாள் குடிச்சேன், அப்புறம் வுட்டுட்டேன். இது கொதிச்சி வத்தறதுக்குள்ள கேஸு தீந்துடுது. டிக்கு பாப்பா போட்டது. ஒனக்கு ஏதோ பிரச்சனன்னாங்க, அதான் எடுத்தாந்தேன். எனக்கு சக்கர கொறஞ்சது இதாலன்னு எழுதிடாத."

பின்னே எதனால் குறைந்தது ஆயா என்றேன்.

"மாத்திரய ஒழுங்கா போட்டேன். நீதான் வந்து வந்து கேக்கறியே."

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் தொடங்கியதிலிருந்து ஆயா வீட்டு வாசலுக்கே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வருகிறது. நாங்கள் போகும்வரை அது டப்பாவில் சேர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் ஆய்வு என்று போய்க் கதவைத் தட்டியதில் வயிற்றுக்குள் போக ஆரம்பித்தது. அவ்வளவுதான் விஷயம். குடிநீரில் சேரும் ஆவாரையும் கொன்றையும் நாவலும் கடலழிஞ்சிலும் அந்த வீட்டில் எதுவும் செய்யவில்லை, ஏனென்றால் முதல் கொஞ்ச நாளுக்குப் பிறகு அடுப்பிலேயே ஏறவில்லை.

நம் மாவட்டத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆவாரம்பூவை நீரிழிவு வரவழைத்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2002-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ரத்தச் சர்க்கரை குறைந்தது. ஆனால் எலிக்கு மருந்தைக் குழாய் வைத்து வயிற்றுக்குள் இறக்கிவிடலாம். மனுஷி சிலிண்டர் விலையை நினைத்துப் பார்ப்பாள். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்கிற பழமொழியை ஆயாவிடம் சொன்னேன். "பூத்தா போதுமா, காச்ச வேணாமா" என்றார். ஆய்வுக் குழுவில் இத்தனை பேர் உட்கார்ந்து பேசியதில் ஒருவருக்கும் கேஸ் அடுப்பு நினைவுக்கு வரவில்லை.

குடிக்காதவர்கள் குடித்தேன் என்று சொல்வதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வீடு தேடி வந்த பொண்ணு மனசு நோகக்கூடாது என்ற மரியாதை அது. அந்த மரியாதைதான் மூலிகை ஆராய்ச்சியைக் கெடுக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். ஆயா அதை ஓரமாக வைத்துவிட்டு என் முகத்துக்கு நேரே சொன்னார். சேதி தெருவில் பரவி, மறுநாளிலிருந்து மற்றவர்களும் வந்தார்கள். சிலர் பாதிப் பொட்டலத்தோடு, சிலர் முழுசோடு. ஒருவர் சம்பந்தி வீட்டுக்கே அனுப்பியிருந்தார்! நிஜமாகவே தினமும் காய்ச்சிக் குடித்தவர்கள் யார் என்பது அப்போதுதான் தனியாகத் தெரிந்தது. கேட்ட கேள்விகளுக்குக் காட்ட என்னிடம் இருந்த பதில் அந்தப் பொட்டலங்கள்தான்.

கேப்பர் மலைப் பக்கம் பூ பறித்துத் தந்த அக்காமார்கள், செடி இதுதான் என்று உறுதி செய்த தாவரவியல் ஐயா, விடியற்காலையில் ரத்தம் எடுக்க வந்த லேப் தம்பி, மாத்திரைப் பதிவுகளை ஒப்பிட்டுத் தந்த சுகாதாரத் தன்னார்வலர்கள், கூடம் திறந்துவிட்ட அங்கன்வாடி டீச்சர், மழையிலும் வந்த ஆட்டோ அண்ணன், என்னைத் திட்டியும் கைவிடாத வழிகாட்டி எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக வீட்டுக்கு வந்து சொல்கிறேன்.

மூலிகையா மாத்திரையா என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: 1957 முதல் நீரிழிவுக்குப் பயன்படும் அந்த மெட்ஃபார்மினின் பூர்வீகமே கலேகா என்ற ஐரோப்பியச் செடிதான். குடிநீர் வேலை செய்கிறதா இல்லையா என்பதை இனிமேல்தான் பார்க்கப்போகிறோம். இல்லை என்று வந்தாலும் வெளியிடுவேன். வேலை செய்தால், காய்ச்ச எவ்வளவு நேரம், எவ்வளவு கேஸ் என்பதும் அதே தாளில் இருக்கும்.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது மீந்த பொட்டலங்களைக் கையோடு கொண்டு வாருங்கள். எவ்வளவு மீந்திருந்தாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டோம். குடிநீரை நம்பி மாத்திரையை மட்டும் யாரும் நிறுத்திவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ரொம்ப இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தால் உடனே சர்க்கரையோ வெல்லமோ வாயில் போட்டுக்கொண்டு எனக்குப் போன் செய்யுங்கள், நடுராத்திரி ஆனாலும்.