தாதியரை மாடிக்கு அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு அரசாங்கத் தாதி தேடி வந்து தாயையும் குழந்தையையும் பார்த்துவிட்டுப் போவது நம் மலேசியாவில் காலம் காலமாக நடக்கிற நல்ல காரியம். இரத்தக் கொதிப்போடு அடுக்குமாடியில் தனியாகக் கிடக்கிறவர்களின் கதவையும் அதேபோல ஏன் தட்டக்கூடாது என்பதுதான் என் கேள்வி. படுத்த படுக்கையானவர்களை வீட்டுக்கே வந்து கவனிக்கும் சேவையைச் சுகாதார அமைச்சு 2014 முதல் நடத்துகிறது. ஆனால் அது பெரும்பாலும் பக்கவாதம் போன்ற ஏதாவது வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பிய பிறகுதான் வாசலுக்கு வருகிறது. வாதம் அடிப்பதற்கு முன்னாலேயே வரவேண்டாமா?

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 10 பேரில் 3 பேருக்கு இரத்தக் கொதிப்பு, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. கோயில் மண்டபத்தில் முகாம் போட்டு பிரஷர் பார்க்கிறார்கள், நல்லதுதான், ஆனால் அங்கே வருகிறவர்கள் நடந்து வர முடிந்தவர்கள். கண் மங்கியவர், மனநலம் பாதிக்கப்பட்டவர், மின்தூக்கி பழுதானால் கீழே இறங்கவே முடியாதவர் எல்லாம் எங்கே போவார்கள்? அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்), சிலருக்கு அதுவும் இல்லை, ஆனால் போய் வர கிராப் காருக்குக் கொடுக்கக் காசு வேண்டுமே.

ஆயர் ஈத்தாமில் எங்கள் புளோக்கில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். சாப்பாடு கொடுக்கப் போனபோது பார்த்தேன், பிஸ்கட் டின் நிறைய மாத்திரை அட்டைகள், பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை. ஏன் அங்கிள் என்று கேட்டால், "கால் வீங்குதும்மா, அதான் நிறுத்திட்டேன்" என்றார். அவருக்குக் கொடுத்திருப்பது அம்லோடிபின் என்கிற இரத்தக் கொதிப்பு மாத்திரை. சிலருக்கு அதனால் கணுக்கால் வீங்கும் என்றும், டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றிக் கொடுப்பார் என்றும் மருந்தகத்தில் விசாரித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஒரு தாதி வந்திருந்தால் அந்த டின்னைத் திறந்ததுமே பிடித்திருப்பார். மருந்து மாதா மாதம் போகிறது, எனவே கணக்கில் அவர் ஒழுங்கான நோயாளி!

தாதி வந்தால் பிரஷர் மட்டுமா பார்ப்பார்? ஐந்து நிமிடம் உட்காரவைத்து அளந்துவிட்டு, நிற்கவைத்தும் அளப்பார், ஏனென்றால் எழுந்ததும் பிரஷர் இறங்கித் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிற வயதானவர்கள் உண்டு. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடுகிற மாத்திரைகளில் சில கொதிப்பை ஏற்றும், அதையும் கேட்பார். அடுப்படியில் கருவாடு, ஊறுகாய், மகி நூடுல்ஸ் பொட்டலம் இருப்பது கண்ணில் படும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகத்தான் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை அந்த அடுப்படியிலேயே நின்று சொன்னால்தான் மண்டையில் ஏறும்.

தாதியர் பற்றாக்குறை எனக்கும் தெரியும். சரி, எல்லா வீட்டுக்கும் வேண்டாம், மருந்தெடுக்கவோ டாக்டரைப் பார்க்கவோ வராமல் விட்டவர்களின் பெயர் கிளினிக்கில் இருக்குமே, அங்கிருந்து தொடங்கட்டும். முதலில் இங்கே ஆயர் ஈத்தாமில் உள்ள ரைஃபிள் ரேஞ்ச் மாதிரி பழைய, உயரமான அடுக்குமாடிகளுக்கு வரட்டும். எந்த மாடியில் யார் தனியாக இருக்கிறார் என்று குடியிருப்பாளர் சங்கத்தைக் கேட்டால் போதும், எழுதிக் கொடுக்கவும் கூட வந்து கதவைக் காட்டவும் எங்களைப் போல ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு