சாய்ந்த பயிரை நிமிர்த்துவது கணுதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

காற்றிலும் மழையிலும் சாய்ந்த பயிர் ஓரிரு நாளில் தலைதூக்குவதற்கு வெயிலே காரணம் என்றும், ஆக்சின், ஜிப்ரெல்லின் என்ற தாவர ஹார்மோன்கள் கலந்த வளர்ச்சி ஊக்கியைத் தெளித்தால் இன்னும் சீக்கிரம் நிமிரும் என்றும் தங்கள் அறிவியல் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. இரண்டுமே தவறு. முதல் தவறு படிப்போடு போய்விடும். இரண்டாவது கைக்காசையும் பயிரையும் சேர்த்துக் கெடுக்கும் என்பதால் விளக்கம் தேவைப்படுகிறது.

புல்லினத் தண்டு இருட்டறையில் கிடத்தினாலும் நிமிரும். அதை நிமிர்த்துவது புவிநாட்டம், அதாவது புவியீர்ப்பை உணர்ந்து அதற்கேற்ப வளையும் இயல்பு. ஆனால் தண்டு முழுவதும் வில்லாக வளைவதில்லை. சாய்ந்து இரண்டு நாளான கோதுமைச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். இரண்டு கணுக்களுக்கு நடுவிலுள்ள கணுவிடைகள் குச்சிபோல் நேராகவே இருக்கும். வளைவெல்லாம் கணுவை ஒட்டி, தண்டைச் சுற்றிப் பொதிந்திருக்கும் இலையுறையின் அடியில் மோதிரம்போல் தடித்த வெளிர்பச்சை வளையத்தில்தான் இருக்கும். அதைப்பு என்று பாடநூல் சொல்வது இதைத்தான். ஓட்ஸ், பார்லி, கோதுமையில் இது இலையுறையைச் சேர்ந்தது. மக்காச்சோளத்தில் தண்டுக்கும் பங்குண்டு. விரலால் தடவினால் வளையத்தின் அடிப்பக்கம் நீண்டு புடைத்திருப்பதும், மேல்பக்கம் குறுகி நெரிந்திருப்பதும் தெரியும். அங்கே புதிய செல்கள் உண்டாவதில்லை. முன்பே இருக்கும் அடிப்பக்கச் செல்கள் நீள்கின்றன, அவ்வளவுதான். பெரும்பாலும் ஒரு கணு மட்டும் முழு வளைவையும் தருவதில்லை. இரண்டு மூன்று கணுக்கள் பங்குபோட்டுக்கொண்டு கதிரை மேலே கொண்டுவருகின்றன.

எது மேல், எது கீழ் என்று கணுவுக்கு எப்படித் தெரிகிறது? நரம்புக் கற்றைகளை ஒட்டிய செல்களில் ஸ்டார்ச் நிறைந்த கனமான மணிகள் இருக்கின்றன. தண்டு சாய்ந்த சில நிமிடங்களில் அவை செல்லின் புதிய அடிச்சுவரில் போய்ப் படிந்துவிடும். இந்தக் கருத்தை 1900இல் ஹேபர்லாண்ட், நெமெச் என்ற தாவரவியலாளர்கள் இருவரும் தனித்தனியே முன்வைத்தார்கள். பின்னாளில் பார்லிச் செடிகளை ஐந்து நாள் இருட்டில் வைத்து ஸ்டார்ச்சைத் தீரவிட்டபோது கணுக்கள் வளையவில்லை. சர்க்கரைக் கரைசல் கொடுத்து ஸ்டார்ச் மீண்டும் சேர்ந்ததும் வளைந்தன.

மணிகள் படிந்தபின் ஆக்சின் கணுவின் கீழ்ப்பாதியில் கூடுதலாகச் சேர்கிறது. இரு பக்கங்களுக்கும் இடையிலான இந்த வேறுபாடே வளைவுக்குக் காரணம் என்ற கொள்கையை 1920களில் சோலோட்னி, வென்ட் என்ற தாவரவியலாளர்கள் தந்தார்கள். ஆக்சினால் செல்சுவர் அமிலமாகித் தளர்கிறது, நீர் புகுகிறது, செல் நீள்கிறது. ஜிப்ரெல்லினும் கீழ்ப்பாதியில் கூடுகிறது, எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோன் பிந்தி வருகிறது. ஆக்சின் அளவில் உள்ள வித்தியாசம் அப்படியொன்றும் பெரிதல்ல. கீழ்ப்பாதிச் செல்கள் அதே ஆக்சினுக்கு முன்னைவிடக் கூர்மையாக எதிர்வினை காட்டத் தொடங்குவதும் சேர்ந்துதான் வேலை நடக்கிறது. நெல்லில் லேசி1 என்ற மரபணு பழுதானால் ஆக்சின் பக்கவாட்டில் நகர்வது குலைந்து, தூர்கள் தரையோடு படர்கின்றன.

ஆகவே கணுவை வளைப்பது ஹார்மோனின் மொத்த அளவு அல்ல, மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாடு. தெளிப்பானால் அந்த வேறுபாட்டை உண்டாக்க முடியாது. படுத்த தண்டின் மேல்புறத்தில்தான் திவலைகள் அதிகம் விழும். அதாவது, ஹார்மோன் அதிகமாகக் கூடாத பக்கத்தில். ஜிப்ரெல்லின் கிடைத்தால் தண்டு இன்னும் நீண்டு மெலியும். நெல்லை அளவுமீறி உயர வைத்துச் சாய்க்கும் ஒரு பூஞ்சை நோயை ஜப்பானிய ஆய்வாளர் குரோசாவா ஆராய்ந்தபோதுதான், 1926இல் அந்த ஹார்மோனைப் பற்றிய துப்பே கிடைத்தது. பயிர் சாயாமல் தடுக்கத் தெளிக்கும் குளோர்மெகுவாட் போன்றவை ஜிப்ரெல்லின் உற்பத்தியைக் குறைப்பவை. அவற்றையும் தண்டு நீள்வதற்கு முன்பே கொடுக்க வேண்டும், சாய்ந்தபின் பயனில்லை.

கணு வளைவதைப் பள்ளியில் ஒரே நாளில் சோதித்துப் பார்க்கலாம். கதிர் வெளிவரும் பருவத்துச் செடியில் பச்சையான, நொய்ந்துபோகாத கணுவைத் தேர்ந்து, மேலே 2 செ.மீ., கீழே 3 செ.மீ. விட்டுப் புது பிளேடால் வெட்டுங்கள். இலையுறையை உரிக்காதீர்கள், உரித்தால் வளைக்கும் உறுப்பே போய்விடும். 100 மி.லி. நீரில் 3.4 கிராம் சர்க்கரை கரைத்து, அதில் நனைத்த பஞ்சைச் சோதனைக் குழாயில் அடைத்துத் தண்டின் அடியைச் செருகுங்கள். கணு பஞ்சுக்கு வெளியே நிற்க வேண்டும். குழாயைப் படுக்கையாகக் கட்டி, ஈரத்துணி விரித்த மூடிய பெட்டியில் இருட்டில் வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க நிமிர்த்தி வைத்த துண்டு ஒன்று, கணுவே இல்லாத துண்டு ஒன்று. 24 மணி நேரம் கழித்துக் கோணமானியால் அளந்தால் படுக்கையில் இருந்த கணு மட்டும் வளைந்திருக்கும். வளையவில்லை என்றால் கணு முற்றியிருக்கும், அல்லது வெட்டுவாய் உலர்ந்திருக்கும். வெளிச்சத்தில் வைத்தால் ஒளியை நோக்கி வளையும் ஒளிநாட்டம் கலந்து குழப்பும்.

ஸ்டார்ச் மணிகளைப் பார்க்க அயோடின் ஒரு சொட்டு போதும். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். அறுப்பதற்காகத் தண்டைத் திருப்பிப் பிடித்தால் மணிகள் மறுபடி இடம் மாறிவிடும். படுத்த நிலையிலேயே 70 சதவீத ஆல்கஹாலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, மேல்பக்கத்துக்கு அடையாளமிட்டு, நீளவாக்கில் மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும்.

வயலுக்கு இதிலிருந்து இரண்டு செய்திகள். நீண்ட செல் திரும்பக் குறுகாது. சாய்ந்து இரண்டு நாள் கழித்துப் பயிரைத் தூக்கிக் கட்டினால், வளைந்த கணுவின் மறுபக்கம் நீண்டுதான் அது நேராக வேண்டும். கட்டுவதென்றால் முதல் நாளே கட்ட வேண்டும், இல்லையென்றால் கணுவின் போக்கில் விடுவதே நல்லது. கதிர் முற்றும் பருவத்தில் கணுக்கள் இறுகிவிடுவதால், அப்போது சாய்ந்த பயிர் எதைத் தெளித்தாலும் எழாது. நீரை வடித்துவிட்டு அறுவடைக்கு முந்திக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர்